ஓட்டுவதற்கு ஒரு அம்பாசிடர்: பெங்களூரில் நடந்த ஒரு எஞ்சின் தேர்வு

காக்ஸ் டவுனில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், நான் அண்ணன் என்று அழைப்பவர், பொதுத்துறைத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பழைய அம்பாசிடர் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தார். சொந்த ஊர் சேலம். ஞாயிறு காலை அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சுற்று, மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாக ஊருக்கு ஒரு பயணம். வண்டியிடம் அவர் எதிர்பார்த்தது இவ்வளவுதான். ஷெட்டில் போர்வை போர்த்தி நிறுத்திவைக்கும் எண்ணம் துளியும் கிடையாது.

பழைய கார் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் பெயின்டிலும் குரோமிலும் சீட்டிலும்தான் நிற்கிறது. எஞ்சின் என்று வந்தால் "ஸ்டார்ட் ஆகுது, ஓடுது" என்ற பதிலே போதுமென்று விட்டுவிடுகிறார்கள். அம்பாசிடரில் இது ஆபத்து. ஒரே உடம்புக்குள் அரை நூற்றாண்டில் பல எஞ்சின்கள் வந்துபோயிருக்கின்றன. எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வண்டி நம்மோடு சாலையில் இருக்குமா, பட்டறையில் இருக்குமா என்பது முடிவாகும். குதிரைத்திறனை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்தச் சாலையில் ஓட்டப்போகிறோம், ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது, கெட்டுப்போனால் நம் ஊர் லேத்தில் சரிசெய்ய முடியுமா என்று கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். அண்ணன் பார்த்த நான்கு வண்டிகளின் கதையை விவரமாக எழுதுவது அதற்காகத்தான்.

எஞ்சின்கள்

மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையை ஒட்டி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய கார் இது. 2014 மே மாதம் தயாரிப்பு நிற்கும்வரை வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. உள்ளே நெடுங்காலம் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) நிறுவனத்தின் 'பி' வரிசை. சிலிண்டரின் விட்டம் (போர்) 73 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வரும் தூரம் (ஸ்ட்ரோக்) 88.9 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் நீளமானதால் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை வரும். அதிகம் சுற்றவிட்டால் கத்தும். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அதன் மேல் மூடியான ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. சக்தி சுமார் 50 குதிரைத்திறன். இங்கிலாந்தின் எம்.ஜி. கார்கள் சிலவற்றிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் என்பதால், பாகங்களும் பழுதுபார்க்கும் முறைகளும் உலகம் முழுக்கத் தெரிந்தவை.

அடுத்து டீசல். இதே 1489 சி.சி. அளவில் பி.எம்.சி. டீசல் எஞ்சின் பொருத்தி வந்ததுதான் இந்தியாவின் முதல் டீசல் கார். சக்தி 40-ஐக்கூடத் தொடாது. டாக்ஸிக்காரர்கள் கொண்டாடிய வண்டி. பிறகு இசுசுவின் 2 லிட்டர் டீசல் வந்தது. 90-களின் தொடக்கத்தில் இசுசுவின் 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சின், 75 குதிரைத்திறன், ஐந்து கியரோடு வந்தது '1800 ஐ.எஸ்.இசட்.' அதுவரை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கியர் கம்பி அதில் தரைக்கு இறங்கியது.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் இன்னொரு காரான கான்டெஸாவை ஓட்டியவர்களுக்கு இந்த இரண்டு பெட்ரோல் எஞ்சின்களின் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1984-இல் அந்தக் கார் வந்தபோது இதே 1489 சி.சி. எஞ்சின்தான் அதற்குள் இருந்தது. அத்தனை பெரிய உடம்பை இழுக்க அது திணறியது. இசுசு 1.8 வந்த பிறகுதான் கான்டெஸா தன் தோற்றத்துக்கு ஏற்றபடி ஓட ஆரம்பித்தது. இதைச் சொல்லிச் சொல்லியே பலரும் அண்ணனிடம் "1800-ஐத் தவிர வேற எதையும் தொடாதீங்க" என்று ஓதிவைத்திருந்தார்கள்.

ஆர்.சி. புத்தகம் தள்ளிய இரண்டு வண்டிகள்

முதல் வண்டி 1968 மார்க் 2. அப்படியே ஆலையிலிருந்து இறங்கியதுபோல இருந்தது. 1489 சி.சி. எஞ்சின், பழைய டைனமோ, ஒரே நீளச் சீட்டு. அண்ணி கதவைத் திறந்து உட்கார்ந்தவர் இறங்க மனமில்லாமல் இருந்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. மாநில எழுத்துகளுக்கு அடுத்து 'வி.ஏ.' என்று இருந்தது.

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் எனப்படும் மிகப் பழைய வண்டிகளுக்கென்று 'வி.ஏ.' எழுத்தோடு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகள் இதில் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. கௌரவமான ஏற்பாடுதான். ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பராமரிப்புக்குக் கொண்டுபோக என்று காரணங்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. மாதாமாதம் சேலம் போவது அந்தப் பட்டியலில் இல்லை. 50 வயது தாண்டிய எல்லா வண்டியும் இந்தப் பதிவுக்கு மாறியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. வழக்கமான ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே ஓட்டலாம். ஓட்டுவதற்கு வாங்குகிறவர் தேடவேண்டியது அந்த வகை ஆர்.சி.யைத்தான். அண்ணி வருத்தத்தோடுதான் இறங்கினார்.

இரண்டாவது, 70-களின் பிற்பகுதி மார்க் 3. உள்ளே இசுசு 2 லிட்டர் டீசலை மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். பொருத்திய வேலையில் குறையே சொல்ல முடியாது. சாவி போட்டதும் பிடித்தது, இழுவையும் அருமை. விற்பவர் மைலேஜைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் 'பெட்ரோல்'. எஞ்சின் நம்பரும் பழையதே.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றவேண்டும். எரிபொருள் வகையே மாறியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. எப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், விபத்து ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப்போவதும் இதே நம்பரைத்தான். "இத்தனை வருஷமா யாரும் கேட்டதில்லை சார்" என்றார் விற்பவர். அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கவில்லை.

டீசல் என்பதிலேயே இன்னொரு தயக்கமும் இருந்தது. டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளையும் ஓட்டக்கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பெங்களூரில் அப்படி வயது வரம்பு இல்லை. ஆனாலும் ஒரு பெருநகரத்தில் கெடுபிடி வரும்போது முதல் அடி டீசலுக்குத்தான் விழுகிறது. டீசல் பம்ப் வேலைக்கு இங்கே ஆள் பஞ்சமில்லை, டீசல் பம்ப் செய்த மைக்கோ தொழிற்சாலை இருந்த ஊர் இது. கைத்திறன் இருக்கிறது. சட்டத்தின் காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதுதான் கவலை.

மிஞ்சியவை இரண்டு

மூன்றாவது வண்டி 90-களின் நடுவில் வந்த 1800 ஐ.எஸ்.இசட்., தமிழ்நாட்டுப் பதிவு. நான்காவது 80-களின் தொடக்கத்து மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல், கர்நாடகப் பதிவு, ஆர்.சி.யும் எஞ்சின் நம்பரும் ஒத்துப்போயின.

இரண்டையும் ஒரே மாதிரி மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்தோம். சாயங்கால நெரிசலில் சில்க் போர்டு. அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை மேம்பாலச் சாலை. இன்னொரு நாள் அதிகாலை நந்தி மலை ஏற்றம். சூடு, ஓட்டம், இழுவை மூன்றும் இதில் தெரிந்துவிடும். பழைய கார் வாங்க நினைக்கும் பெங்களூர்க்காரர் யாராயினும் இந்த மூன்று இடத்தையும் விடவேண்டாம் என்பேன். விற்பவர் நந்தி மலைக்கு வண்டி தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

மேம்பாலத்தில் 1800 பறந்தது. ஐந்தாவது கியரில் 90-இல் போகும்போது சாதாரணமாகப் பேசிக்கொண்டு போக முடிந்தது. மார்க் 4-க்கு நான்காவதுதான் கடைசி கியர். 70 வரை சுகம், 80-இல் எஞ்சின் குரல் உயர்கிறது, அதற்குமேல் விரட்டினால் வண்டிக்கும் நமக்கும் கஷ்டம். நந்தி மலை ஏற்றத்திலும் 1800 முந்தியது. மார்க் 4 இரண்டாவது கியரிலேயே வளைவுகளை ஏறியது, ஆனால் ஒருமுறைகூடத் திணறவில்லை.

இங்கே உயரத்தின் கணக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குமேல் இருக்கிறது. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் சக்தியில் அதே அளவு இழக்கும். 1800-இன் 75 குதிரைத்திறனில் பத்தில் ஒன்று போனால் பெரிதாகத் தெரியாது. மார்க் 4-இன் 50-இல் போனால் ஐந்து பேர் உட்கார்ந்து ஏற்றம் ஏறும்போது தெரியும். பழைய பி.எம்.சி. டீசலின் 40-க்கும் குறைவான சக்தியில் போனால் பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார்.

சில்க் போர்டில் கதை மாறியது. மார்க் 4-இன் சூடு முள் பாதிக்குமேல் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது. 1800-இன் முள் ஏறிக்கொண்டே போனது. நெரிசலில் ரேடியேட்டருக்குக் காற்று போதாது, அது எல்லாப் பழைய காருக்கும் உள்ளதுதான். ஆனால் மார்க் 4 தாங்கிய இடத்தில் இது தாங்கவில்லை என்றால் வேறு காரணம் இருக்கவேண்டும்.

சிவாஜி நகரில் அம்பாசிடர் வேலையிலேயே ஊறிய பாய் ஒருவரிடம் இரண்டையும் கொண்டுபோனோம். அவர் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்த்தார். மார்க் 4-இல் நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீத வித்தியாசத்துக்குள். 1800-இல் நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் மட்டும் தெளிவாகக் குறைவு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் அந்த இடத்தில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

"எஞ்சின் தப்பில்ல சார். ஹெட்டு எப்பவோ ஒருவாட்டி நல்லா சூடு வாங்கியிருக்கு. அலுமினிய ஹெட்டு பாருங்க, வளைஞ்சிருக்கும். லேத்துல தேய்ச்சுப் போடலாம். ஏற்கனவே தேய்ச்சிருந்தா புது ஹெட்டுக்கு எங்க போறது?"

"1500-க்கு அப்படி ஆகாதா பாய்?" என்று மார்க் 4-இன் 1489 எஞ்சினைக் காட்டி அண்ணன் கேட்டார்.

"ஆகும் சார், ஏன் ஆகாது? ஆனா இரும்பு ஹெட்டு, கொஞ்சம் பொறுத்துக்கும். ஆகிட்டாலும் ஜே.சி. ரோட்டுல ஒரு ஹெட்டு தேடிப் பிடிச்சிடுவேன். ரிங்கு, பேரிங்கு, வால்வு எல்லாம் ஓவர்சைஸ்லகூட கிடைக்குது. இசுசுக்கு ஒரு வாட்டர் பம்ப் வேணும்னா நாலு ஊருக்குப் போன் போடணும்."

அண்ணன் முகம் வாடியது. மேம்பாலத்து ஓட்டம் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கும்தான். நல்ல நிலையில் இருக்கும் 1800, வாரம்தோறும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு மிகச் சரியான அம்பாசிடர். இதை இப்போதும் சொல்வேன். அன்று எங்கள் முன்னால் நின்றது நல்ல நிலையில் இல்லை. அதோடு, தமிழ்நாட்டு வண்டியை 12 மாதத்துக்குமேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்றவேண்டும், என்.ஓ.சி. என்னும் தடையின்மைச் சான்று, இங்கத்திய வரி எல்லாம் சேரும்.

அண்ணிதான் முடிச்சை அவிழ்த்தார். "நீங்க இப்ப இருக்கிற காரையே ஹைவேல எண்பதுக்குமேல ஓட்டினது இல்லியே. இதை மட்டும் நூறுல ஓட்டப்போறீங்களா?"

மார்க் 4 வாங்கினார்.

பெட்ரோலும் பழைய எஞ்சினும்

வாங்கியபின் செய்த வேலைகளில் பாதிக்குக் காரணம் இன்றைய பெட்ரோல். இதை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் 1489 எடுக்கிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்டபோது பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம், எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெத்தைபோல இருந்தது. 2000 பிப்ரவரியோடு இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இரும்பு ஹெட்டில் தனி சீட் வளையம் இல்லாமல் வால்வு நேராக உட்கார்ந்தால், நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓட்டும்போது அந்த இடம் மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளி மறுபடி மறுபடி குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. எப்படியும் ஹெட்டைக் கழற்றப்போகிறோம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வளையம் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். லேத் வேலை தெரிந்த எந்த எஞ்சின் பட்டறையிலும் செய்துவிடுவார்கள். அண்ணன் வண்டியில் அதைத்தான் முதலில் செய்தோம்.

அடுத்தது எத்தனால். இப்போது பங்கில் பிடிக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரின் உள்ளே இருக்கும் சீல் எல்லாவற்றையும் அது ஊறவைத்து மிருதுவாக்கும். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகினால் தீ. ஆகவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் மாற்றினோம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்திவைக்காமல் ஓட்டுகிறவருக்கு அதில் தொல்லை குறைவு.

காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில், மெக்கானிக்குகள் 'மிக்ஸர்' என்பதில்தான் சுவாரசியம். பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் கலந்த எரிபொருளுக்கு 13.5 அளவில் வரும். பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டைப் பழைய அளவிலேயே வைத்த கார்புரேட்டர் இந்தக் கணக்கு அறியாது. அது பழைய அளவிலேயே விடும். எனவே எரிபொருள் போதாமல் மிக்ஸர் சுமார் 8 சதவீதம் காய்ந்துபோகும். காய்ந்த மிக்ஸரில் எஞ்சின் சூடாகும், இழுவை குறையும். பெங்களூரின் உயரம் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் எஞ்சினில் மிக்ஸர் இங்கே தானாகவே 5 சதவீதம்போலச் செறிவாகும். ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. அங்கே இறங்கியதும் அந்தச் சலுகை போய்விடும். இங்கே நன்றாக ஓடிய வண்டி அங்கே வெயிலில் முரண்டு பிடிக்கும். அதனால் பாயிடம் சேலத்தை மனத்தில் வைத்து மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கச் சொன்னோம். பெங்களூரில் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், குடிக்கட்டும்.

சூட்டுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டரைக் கழற்றிப் புதுக் கோர் போட்டோம். யாரோ ஒரு காலத்தில் தூக்கிப்போட்டிருந்த தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வை, திரும்பப் பொருத்தினோம். நம் ஊரில் சூடாகிற வண்டி என்றாலே தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது வழக்கம். அது இல்லாத எஞ்சின் குளிரில் வெகுநேரம் சூடேறாமலே ஓடி, சிலிண்டர் தேயும். மூலக் காரணமான ரேடியேட்டரைச் சரிசெய்தால் அதைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை.

பிரேக் டிரம்களைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, எல்லாம் புது லைனிங், புது சிலிண்டர். தொப்பூரை நினைத்துச் செய்தது.

சாலையில்

தொப்பூர் கணவாய் தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது நெடிய இறக்கம். அங்கே நடக்கும் விபத்துகளைச் செய்தியில் படிக்காதவர் இல்லை. டிரம் பிரேக் வண்டியை அதில் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கக்கூடாது. டிரம் சூடாகி வழுக்கும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விடவேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் காற்று வழி மூடிக்கொள்வதால் எஞ்சின் தானே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் எஞ்சினில் பொதுவாக அந்தக் காற்றுக் கதவு இல்லாததால் பிடிப்பு அவ்வளவு இருக்காது. அண்ணன் இரண்டாவது கியரில், இடது ஓரத்தில், பின்னால் வந்த லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு இறக்கினார். திரும்பும்போது அதே கணவாயை மூன்றாவது கியரில் ஏறியது, சூடு முள் பாதியைத் தாண்டவில்லை.

நெடுஞ்சாலையில் அவர் வைத்துக்கொண்ட வேகம் 70. சேலத்துக்கு முன்பைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு நிறுத்தம், போனட்டைத் திறந்து ஆயில் பார்ப்பது, காபி. இந்த எஞ்சினுக்கு ஓடும்போது ஆயில் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ. பக்கம் இருக்கவேண்டும், சூடான பிறகு ஐடிலிங்கில் 15-க்குக் கீழே போகக்கூடாது. பாய் ஒரு கேஜ் பொருத்திக் கொடுத்திருக்கிறார்.

ஒரு குறை தீரவில்லை. எஞ்சினின் பின்பக்கம் கிராங்க் வெளியே வரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. இந்த எஞ்சினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுக் கோடுதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பவேண்டும். வண்டி நின்றபின் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். புதிதாக வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துப் பயந்து எஞ்சினைப் பிரிக்கவேண்டாம். சொட்டு ஒழுக்காக மாறினால், முதலில் எஞ்சின் காற்றுப்போக்குக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அவருக்கு வரப்போகும் பெரிய செலவு ஆர்.சி. புதுப்பிப்பு. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. அதற்கு முன்னால் சைலன்சரையும் ஹெட்லைட்டையும் பார்த்துவிடவேண்டும் என்று பாயிடம் நாள் கேட்டிருக்கிறார்.